எங்கன நின்னு எடுத்தது

எங்கள் ஊரில் மலை மேற்கே இருக்கிறது. இதை யோசிக்காமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு தென்காசிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள், சாயங்காலம் மலையைப் பார்த்து நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிடப்பார்கள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கினால் மலை வெறும் கரிக்கட்டைதான், அதில் என்னத்தை எடுக்க? விடியக்காலம் வாருங்கப்பா, வெயில் முதலில் உச்சியில் விழும், அப்புறம் பையப் பைய இறங்கி வரும், நாம் நிற்கிற வயல் அப்போதும் இருட்டாகத்தான் கிடக்கும் என்று எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரு பயலும் எழுந்திருக்க மாட்டான். சீசனுக்கு வந்தால் அருவியில் குளிக்கணும், புரோட்டா தின்னணும், தூங்கணும். நல்லா இருங்கள் சாமி.

நான் கரண்டு ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டில் சும்மா இருந்தால் கோட்டி பிடித்துவிடும் என்று பழைய கேமரா ஒன்றை வாங்கினேன். போனில் பார்த்துப் பார்த்துத்தான் படித்தேன். படத்தை மூன்றாகப் பிரிக்கணும், மலையை நட்ட நடுவில் வைக்கக் கூடாது, முன்னால் ஒரு வரப்போ பாறையோ இருக்கணும், பார்க்கிறவன் கண் அது வழியே உள்ளே போகணும். கம்பி, போஸ்ட், தண்ணீர்த் தொட்டி, பிளெக்ஸ் போர்டு எதுவும் வரக் கூடாது. இப்படி ஒரு இடம் கிடைப்பதற்காக மேலகரத்து வயலில் தொளிச் சகதி மிதித்து, பாம்பு ஓடியதைப் பார்த்து, வண்டியைச் சேற்றில் சாய்த்துப் போட்டுவிட்டு அலைந்திருக்கிறேன்.

"ஊருக்கெல்லாம் கம்பி இழுத்த மனுசன், இப்ப கம்பி இல்லாத இடம் தேடி அலையுதாவ. நாலு பேருகிட்ட சொல்லாதிய, சிரிப்பாவ" என்பாள் என் வீட்டுக்காரி.

அவள் சுரண்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். பிறந்தது மேலகரம், வாழ்க்கைப்பட்டது தென்காசி. வேலைக்குப் போன காலம் முழுக்கப் பஸ்தான். காலையில் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போவாள், சாயங்காலம் மலையைப் பார்த்தபடி வருவாள். சன்னல் சீட்டில் அசந்து தூங்கி விழித்தால், எந்த ஊர் தாண்டியிருக்கிறது என்று கண்டக்டரிடம் கேட்க மாட்டாள். தலையை நீட்டி மலையைப் பார்ப்பாள். தூரத்தில் இருந்து பார்த்தால் கொடுமுடிகள் தனித்தனியாகத் தெரியும். பஸ் நெருங்க நெருங்க ஒன்று இன்னொன்றுக்குப் பின்னால் பதுங்கும். அந்தக் கணக்கு அவளுக்கு அத்துப்படி.

அதனால் எங்களுக்குள் ஒரு விளையாட்டு. காலையில் நான் திரும்பி வந்ததும் படத்தைக் கம்ப்யூட்டரில் போடுவேன். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நிற்பாள். "எங்கன நின்னு எடுத்தது, சொல்லு பாப்போம்" என்பேன்.

"மேலகரம் குளத்துக்கு வடக்க. கரைமேல ஏறலை, கீழ நின்னிருக்கிய."

சரியாக இருக்கும். நானும் சளைக்காமல் எங்கெங்கோ போய் எடுத்து வருவேன். சுரண்டை ரோட்டில் சூரியகாந்தி பூத்திருக்கும்போது, பூவை முக்கால்வாசி படத்துக்கு நிரப்பி, மலையை மேலே ஒரு கோடு மாதிரி வைத்து எடுத்தேன். பூவைப் பார்க்கவே இல்லை அவள். அந்தக் கோட்டை மட்டும் பார்த்தாள். பஸ் ஸ்டாப் பேரையே சொன்னாள். "இதுல தப்பு விடணும்னா நான் மறுபடியும் பொறந்துதான் வரணும்" என்று காப்பியை உறிஞ்சினாள். என்ன கர்வம் பாருங்கள்.

ஒரு மார்கழியில் நான் ஒரு வேலை செய்தேன். மார்கழி வெயில் தெற்கே சாய்ந்து வரும். மலையின் மடிப்புகளில் நிழல் விழும்போதுதான் மலைக்கு உடம்பு வரும், மற்ற நாளில் தட்டையாகத்தான் இருக்கும். அன்றைக்கு அருமையாக ஒரு படம் அமைந்தது. ஒரே குறை, வாய்க்கால் வலது பக்கத்தில் இருந்து உள்ளே போனது. இடது பக்கத்தில் இருந்து போனால்தான் கண்ணுக்கு இதம் என்று எவனோ சொன்னதைக் கேட்டுப் படத்தைக் கண்ணாடி மாதிரி இடம் வலமாகத் திருப்பிப் போட்டேன். போட்டோ எடுக்கிறவர்கள் குரூப்பில் அனுப்பினேன். அண்ணாச்சி பிரமாதம், அண்ணாச்சி கலக்கிட்டிய என்று ஒரே புகழ்ச்சி. இத்தனைக்கும் அத்தனை பேரும் இந்த மலையடியில் சோறு தின்கிறவர்கள்.

இவளிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் மூஞ்சியைப் பார்த்தாள்.

"மலையைத் திருப்பிப் போட்டிருக்கிய."

"யாரு சொன்னா?"

"வெயில் வடக்க இருந்து வருதுல்லா. மார்கழில எந்த ஊர்ல சூரியன் வடக்க உதிக்கும்? பத்தாம் கிளாஸ் பயலுவ இப்படிப் படம் போட்டு வந்தா முட்டி போட வச்சிருவேன்." அதோடு விட்டாளா? மலையைப் பார்த்து, "பாவம், ஒனக்கும் இவியகூட மாரடிக்கணும்னு எழுதியிருக்கு" என்று பரிதாபப்பட்டாள். அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது அந்தச் சிரிப்பு ஒரு தடவை கேட்கக் கிடைத்தால் போதும் என்று இருக்கிறது.

முதல் தப்பு எப்போது வந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாரல் விட்டு வெயில் அடித்த ஒரு காலை. எங்கள் ஊரில் அந்த நேரத்தில் மலைமேல் வானவில் விழும், மேற்கே மழை, கிழக்கே சூரியன். அதை எடுத்துக்கொண்டு வந்து வழக்கம்போலக் கேட்டேன். "சுரண்டை" என்றாள். எடுத்தது மேலகரத்தில், அவள் பிறந்த வீட்டில் இருந்து கூப்பிடுகிற தூரத்தில். மலை படம் முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கிறது. சுரண்டையில் இருந்து மலை கைக்குள் அடங்கும். விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். "ஏட்டி, ஒழுங்கா சொல்லு" என்றேன். "ஒழுங்காத்தானே சொல்லுதேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

அப்புறம் வரிசையாக வந்தது. கணக்கு டீச்சர், மீதிச் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தாள். சொன்னதையே சொன்னாள். ஒரு நாள் நான் வயலில் நிற்கிறேன், பஸ் கண்டக்டர் ஒருத்தரிடம் இருந்து போன் வந்தது. "அண்ணாச்சி, டீச்சர் பையைத் தூக்கிக்கிட்டு சுரண்டைக்கு டிக்கெட் கேக்காவ. ரிட்டயர்டு ஆயிட்டாவல்லா?" சேலைக்குப் பின் குத்தி, கைக்கடிகாரம் கட்டி, டிபன் பாக்ஸ்கூட வைத்திருந்தாள். நான் போய்க் கூட்டி வந்தேன். வழியெல்லாம் "லீவு லெட்டர் குடுக்கலையே" என்று ஒரே கவலை.

திருநெல்வேலியில் டாக்டரிடம் போனோம். என்ன கிழமை, என்ன மாதம் என்று கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார். "எனக்கே பரீட்சையா?" என்று அவரை ஒரு அதட்டு அதட்டிவிட்டு வரைந்தாள். எண்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் கூட்டமாக நின்றன. டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். மறதி நோய், போனது திரும்பாது, இருக்கிறதைக் கொஞ்ச நாள் பிடித்து வைக்கலாம், பழகின முகம், பழகின இடம், பழகின பேச்சு இதெல்லாம் உதவும் என்றார். எனக்குக் காதில் விழுந்தது "பழகின இடம்" என்பது மட்டும்தான்.

எங்களுக்கு ஒரே மகள், பெங்களூரில் இருக்கிறாள். பஸ் விஷயம் கேட்டதும் துடித்துவிட்டாள். "அப்பா, வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துருங்க. ரெண்டு பேரையும் நான் பாத்துக்கிடுதேன்." அவள் சொன்னதில் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஊரில் அவள் வீடு மாடிக்கு மேல் மாடி, சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரன் துணி காயப்போட்டிருப்பான். இவளுக்கு அங்கே என்ன தெரியும்? எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்?

"அம்மாவுக்கு மலை தெரியுதும்மா. மலை தெரியுத வரைக்கும் நாங்க இங்க இருக்கோம். தெரியலன்னா நானே டிக்கெட் போடுதேன்" என்றேன். மகள் சரி என்றாள்.

அன்றையில் இருந்து படம் எடுப்பது எனக்கு விளையாட்டு இல்லை. எங்கள் வீடு தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில். கட்டும்போது மொட்டை மாடியில் ஏறினால் மலை தெரிந்தது. அப்புறம் மேற்கே ஒருத்தர் மூன்று மாடி எழுப்பினார், மலை போச்சு. வெளியே கூட்டிப் போகலாம் என்றால் ரோட்டுச் சத்தத்துக்குப் பயந்து என் கையைப் பிறாண்டினாள். அதனால் மலையை நான்தான் வீட்டுக்குள் கொண்டுவரணும். சமையலுக்கு வருகிற அக்காவைத் துணைக்கு வைத்துவிட்டுத் தினமும் விடியலில் கிளம்பினேன்.

பழைய மாதிரி எடுத்தால் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மஞ்சு மேகம் மலையை மூடி, உச்சி மட்டும் மிதக்கிற படம் இருக்கிறதே, அதற்காக எத்தனை நாள் தவம் கிடந்திருக்கிறேன். அதைக் காட்டினால் "என்ன இது, பஞ்சா?" என்றாள். நிழல் கூடினால் பயந்தாள். ஓரத்தில் வைத்த மலையை அவள் கண் தேடிப் போகவே இல்லை. சவத்தைத் தள்ளு, எந்த வெளிச்சம் யாருக்கு வேணும் என்று படித்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டேன். மலையை நட்ட நடுவில் வைத்தேன். விடியலை விட்டுவிட்டு, வெயில் நன்றாக ஏறி எல்லாம் பட்டவர்த்தனமாகத் தெரிகிற நேரத்தில் எடுத்தேன். பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார வைக்கிற மாதிரி மலையை நேராகப் பார்த்து எடுத்தேன்.

தண்ணீர்த் தொட்டியைச் சேர்த்தேன். பெட்டிக்கடையைச் சேர்த்தேன். அவள் தினமும் பார்த்த வேப்பமரம், வளைவில் நிற்கிற டிரான்ஸ்பார்மர், அதில் இருந்து போகிற கம்பி எல்லாம் உள்ளே வந்தன. அந்த டிரான்ஸ்பார்மரைக் காட்டியதும் அவள் முகம் தெளிந்தது. "அன்னா, மேலகரம் முக்கு. இதுல ஒரு காக்கா செத்துப் போயி ஊரே இருட்டாக் கெடந்துச்சு. நீங்க ஏணியைத் தூக்கிட்டு வந்திய" என்றாள். எங்களுக்குப் பெண் பார்க்கிற பேச்சு வருவதற்கு முந்தின கதை அது. என்னை முதன்முதலில் பார்த்தது அன்றைக்குத்தான் என்று அதுவரை என்னிடம் அவள் சொன்னதே இல்லை.

குரூப்பில் ஒருத்தன், "அண்ணாச்சி, என்ன இப்பல்லாம் பத்திரத்துக்கு ஒட்டுத மாதிரி படம் எடுக்கிய?" என்று கேட்டிருந்தான். வாய்க்கு வந்தபடி வைது எழுதினேன், அனுப்பாமல் அழித்தேன், குரூப்பை விட்டே வெளியே வந்துவிட்டேன். அவன் மேல் என்ன தப்பு, அவனுக்கு என்ன தெரியும்.

ஒரு நாள் இடத்தைச் சொல்லுவாள், ஒரு நாள் சொல்ல மாட்டாள். சொன்ன நாளில் மகளுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொள்வேன். சொல்லாத நாளில் "நல்லா இருக்கா" என்பதோடு வைத்துவிடுவேன். சொல்லாத நாட்கள் கூடிக்கொண்டே வந்தன.

ஐப்பசி மழையில் வெளியே போக முடியாமல் பழைய படங்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது, நடுவில் அந்தத் திருப்பிப் போட்ட மலை வந்துவிட்டது. சட்டென்று தள்ளப் போன கை நின்றுவிட்டது. ஒரு நப்பாசை. எதை மறந்தாலும் இதில் கொதித்து எழுவாள், முட்டி போட வைப்பேன் என்பாள் என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"நல்லாருக்கு" என்றாள்.

"சரியாப் பாரு. ஏதாவது தெரியுதா?"

"அழகா இருக்கு. எந்த ஊரு இது?"

நான் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன். ஆண்பிள்ளை அழுதால் என்ன, மலை தலைகீழாகவா ஆகிவிடப் போகிறது? இவ்வளவு நாளும் ஒரு மலையைக் காட்டி ஒரு மனுஷியைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, என்ன அசட்டுத் தைரியம். அன்றைக்கு மகளுக்குப் போன் போடவில்லை. ஆனால் அவளே புரிந்துகொண்டாள் போல. அடுத்த வாரமே லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள்.

வந்த அன்றைக்கு அம்மாவும் மகளுமாக உட்கார்ந்து தலை வாரினார்கள். "யாருட்டி நீ, நல்லா வாருதியே" என்று அவள் மகளைக் கேட்டாள். மகள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள், சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. "நாளைக்குக் காலையில காட்டிப் பாப்போம். அதுக்கப்புறம் நீ சொல்லுதபடி" என்றேன். "அப்பா, அம்மாவைப் பரீட்சை எழுத வைக்காதிய" என்றாள்.

விடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டேன். மழை விட்டிருந்தது. மேலகரம் ரோட்டில் எங்கே நிற்கலாம் என்று வண்டியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தொட்டியைச் சேர்க்கவா, கடையைச் சேர்க்கவா, வெயில் ஏறட்டும் என்று காத்திருக்கவா? அப்போது உச்சியில் முதல் வெயில் விழுந்தது. கழுவிவிட்ட மாதிரி மலை. மேலே இருந்து அருவி வெள்ளை நூலாக இறங்கி இருந்தது. கீழே தண்ணீர் கட்டிய வயலில் இன்னொரு மலை கிடந்தது. எதையும் சேர்க்கவில்லை, எதையும் தள்ளவில்லை. நின்ற இடத்திலேயே நின்று எடுத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் குளித்து, மகள் வைத்துவிட்ட பூவோடு நாற்காலியில் இருந்தாள். கம்ப்யூட்டரைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். மகள் அடுக்களை வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். நான் கேட்கவில்லை, எனக்குக் கேட்கத் தெம்பு இல்லை. படத்தை மட்டும் போட்டேன்.

அவள் குனிந்து பார்த்தாள். விரலை நீட்டினாள், கொடுமுடிகளின் மேல் ஒன்றொன்றாக வைத்தாள்.

"மேலகரம்" என்றாள். "வாய்க்கால் பாலத்துக்கு இங்கிட்டு. ரோட்டைவிட்டு எறங்கலை. ராத்திரி மழை பெஞ்சிருக்கு, அருவி நெறைய விழுது. இப்பதான் விடிஞ்சிருக்கு, வெயில் இன்னும் வயலுக்கு வரலை."

ஒரு எழுத்து பிசகவில்லை. நின்ற இடம், நேரம், மழை எல்லாம். நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்தியா, சொன்னம்லா, உங்கம்மா எங்கயும் போகலை என்று கத்தணும் போல இருந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்துக்கொண்டே அழுதாள். "சரிப்பா, சரி, இங்கனயே இருங்க" என்றாள்.

அவள் இன்னும் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"எங்க வீட்டுல உள்ளவிய எடுத்தது" என்றாள். "அவியளுக்குத்தான் இப்படி எடுக்க வரும். வேற யாருக்கும் வராது."

நான் சந்தோஷத்தில் அவள் தோளைத் தொட்டேன்.

அவள் திடுக்கிட்டு நகர்ந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். கோபம் இல்லை, வீட்டுக்கு வந்த வேற்று ஆளிடம் இருக்கிற மரியாதைதான் இருந்தது.

"அண்ணாச்சி, அவியளைப் பாக்கவா வந்திய? காலையிலயே கேமராவைத் தூக்கிட்டுப் போனாவ. இன்னும் காணோம்."

மகள் நிலையை விட்டு நகரவில்லை.

"நின்னுக்கிட்டே இருக்கியளே, உக்காருங்க" என்று எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினாள். "ஒரு வாய் காப்பி குடிங்க. எங்க போனாலும் படத்தை எங்கிட்ட காட்டத்தான் ஓடி வருவாவ. இப்ப வந்துருவாவ."

நான் உட்கார்ந்தேன்.